62-ஆம் வாய்ப்பாடு

பிள்ளையோடு தங்குவதற்காக வெளிநாடு போகிற பெற்றோருக்கு அந்த ஊர் பாஷை வருவதற்கு முன்பே ஒரு வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும். அமெரிக்கா போனவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு, ஆஸ்திரேலியா போனவர்களுக்கு வேறொன்று. கனடா போனவர்களுக்கு 62. டாலர் மதிப்பு மாதத்துக்கு மாதம் ஒன்றிரண்டு ரூபாய் ஏறும், இறங்கும். ஆனால் மனசு பிடித்துக்கொண்ட எண்ணை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். கடையில் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தாலும் உள்ளுக்குள் பெருக்கல் ஓடிவிடும். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் போன அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். வயது 63. டிரங்க் கால் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர். துறை பி.எஸ்.என்.எல். ஆக மாறிய பிறகும் அங்கேயே இருந்தார். 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். கணவர் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். சொந்த வீடு, மாதம் 38,000 ரூபாய் பென்ஷன், கடன் இல்லை. தெருவில் யாருக்காவது ஸ்கூல் ஃபீஸ் குறைந்தால் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பழகிய கை அது.

அந்தக் கையோடு விமானம் ஏறியவர் ஸ்கார்பரோவில் ஒரு மாதத்துக்குள் பஸ் டிக்கெட்டுக்குக்கூட யோசிக்கிறவராகிப் போனார். எப்படி?

எக்செலில் ஏறிய செலவுகள்

மகன் சாஃப்ட்வேர்காரர். அம்மாவை அழைப்பதற்கு முன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். கனடாவில் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள 'சூப்பர் விசா' என்று ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பரில் வந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை நுழைந்தால் 2 ஆண்டுகள் தங்கலாம் என்று இருந்ததை 2022 ஜூலையில் 5 ஆண்டுகளாக ஆக்கினார்கள். பிள்ளையோ, பேரப்பிள்ளையோ அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை தலை என்பதைப் பொறுத்து அழைப்பவருக்கு இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. மருத்துவப் பரிசோதனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தது 1,00,000 டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

காப்பீடு ஏன் கட்டாயம் என்றால், கனடாவில் மருத்துவம் இலவசம் என்று ஊரில் சொல்வது அங்கே வசிப்புரிமை உள்ளவர்களுக்குத்தான். விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு அந்த அட்டை கிடையாது. ரத்த அழுத்தம் இருப்பதையும் சேர்த்துக் காட்டியதால் அம்மாவுக்கு ஆண்டுக்கு 1,900 டாலர் பிரீமியம் வந்தது. அதிலும், எந்தச் செலவு வந்தாலும் முதல் 500 டாலர் கைக்காசு.

விமான டிக்கெட் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். குளிருக்குக் கோட்டும் பூட்ஸும். ஒரு படுக்கையறை வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாறியதில் மாத வாடகை 500 டாலர் கூடியது. இவை எல்லாம் மகனின் எக்செலில் வரிசையாக இருந்தன. பெரிய செலவுகள் எதுவும் தப்பவில்லை. எக்செலில் ஏறாதவை சின்னச் செலவுகள்.

பாலும் பஸ்ஸும் பதின்மூன்று சதவீதமும்

அம்மா வந்த முதல் வாரத்தில் மகிழ்ந்தது பால் பையைப் பார்த்துத்தான். ஒண்டாரியோ மாகாணத்தில் பாலைப் பிளாஸ்டிக் பையில் விற்கிறார்கள். ஒரு பெரிய பைக்குள் மூன்று பை, மொத்தம் 4 லிட்டர். "நம்ம ஆவின் பாக்கெட் மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தவர், விலை 6 டாலருக்கு மேல் என்று தெரிந்ததும் பெருக்கினார். லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டது. அன்றிலிருந்து அவருடைய இரண்டாவது காபி நின்றுபோனது. யாருக்கும் தெரியாது. கேட்டால், "வயசாச்சுலா, ஒண்ணு போதும்" என்பார்.

கடையில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பில்லில் வருவது இன்னொன்று. அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படைப் பொருட்களுக்கு விற்பனை வரி இல்லை. ஆனால் ஒரு வாணலி வாங்கினால் 13 சதவீதம். 20 டாலர் என்று எழுதியிருந்த இட்லிப் பாத்திரம் கல்லாவில் 22 டாலர் 60 சென்ட் ஆனதைப் பார்த்துவிட்டு, "ஏமாத்துதாங்க" என்று மகனின் காதில் சொன்னார். ஒரு சின்னக் கட்டு கறிவேப்பிலை ஒன்றரை டாலர். பாளையங்கோட்டை வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் கூரைக்கு மேல் நிற்கிறது. அதை நினைத்துக்கொண்டு அவர் தாளிப்பதில் இலைகளை எண்ணிப் போட ஆரம்பித்தார்.

பஸ்தான் உச்சம். டொரொண்டோவில் பஸ், ரயில் இரண்டுக்கும் ஒரே கட்டணம். அட்டையைத் தட்டினால் 3 டாலர் 30 சென்ட், இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். 65 வயதானவர்களுக்கு 2 டாலர் 25 சென்ட். 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். அம்மாவுக்கு 63 என்பதால் சலுகைக்கு இரண்டு வருடம் குறைந்தது. 3.30-ஐ 62-ஆல் பெருக்கினால் 204 ரூபாய். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்குக் கைவீசிப் போய் வந்தவர், பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று நிறுத்தங்களைப் பனியில் நடந்தார்.

மகன் தன் கணக்கில் அம்மாவுக்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். "என்ன வேணும்னாலும் வாங்கிக்கோங்கம்மா." அந்தக் கார்டு அம்மாவின் பர்ஸில் பிரிக்காத உறையோடு இருந்தது. காரணம் எளிது. கார்டைத் தட்டினால் ஆபீஸில் இருக்கும் மகனின் போனில் மணி அடிக்கும். ஒரு டோனட் வாங்கினாலும் அடிக்கும். 34 வருஷம் தன் சம்பளத்தில் வாழ்ந்த ஒருவருக்கு அந்த மணி எப்படிக் கேட்கும் என்பதை மகன் நினைத்துப் பார்க்கவில்லை.

சரி, அவருடைய பென்ஷன் எங்கே போயிற்று? பத்திரமாகப் பாளையங்கோட்டை வங்கிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எடுப்பதுதான் பாடு. ஊர் ஏ.டி.எம். கார்டை அங்கே போட்டால் நாணய மாற்றத்துக்கு என்று மூன்று, மூன்றரை சதவீதம் வெட்டு. அங்குள்ள மெஷினுக்கும் தனியாக ஒரு கட்டணம். ஆன்லைனில் எதையாவது செய்யலாம் என்றால் ஓடிபி வரவில்லை. ஊர் சிம்மில் ரோமிங் வசதியைப் போடாமலே விமானம் ஏறியிருந்தார். ஊரின் பாதிப்பேருக்கு லைன் போட்டுக் கொடுத்த ஆபரேட்டருக்கு, ஆறு இலக்க எண் ஒன்று வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

ரோமிங் சரியான பிறகு நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் வேலையை அவரே போனில் முடித்தார். வெளிநாட்டில் இருக்கும் பென்ஷன்தாரர்களுக்கு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கும் வழியும் உண்டு. செயலியில் முகத்தைக் காட்டிச் செய்வது சுலபம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் உயிரோடு இருப்பது உறுதியாகிவிடும். "இதுக்கு இவ்வளவுதானா?" என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தார்.

காசு கேட்காத இடங்களும் இருந்தன. டொரொண்டோ பொது நூலகத்தில் அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பனிக்காலத்தில் காலையில் ஸ்கார்பரோ டவுன் சென்டர் மாலுக்குள் வயதானவர்கள் நடக்கிறார்கள். அங்கே கடைக் கண்ணாடிகளைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நடப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அங்கேதான் அந்தப் பாட்டியும் அறிமுகமானார்.

'என்ர பேருக்கு வாற காசு'

பாட்டி யாழ்ப்பாணத்துக்காரர். வயது 79. அதே அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது தனியாக இருக்கிறார். அவருக்குக் கனடா அரசின் முதியோர் ஓய்வூதியம் வருகிறது. வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் என்றில்லாமல் நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு 65 வயதிலிருந்து தருவது அது. 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், 40 ஆண்டுகள் என்றால் முழுத் தொகை. 2025-ல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு முழுத் தொகை மாதம் சுமார் 730 டாலர். 75 தாண்டினால் அதில் பத்து சதவீதம் கூடுதல்.

பாளையங்கோட்டை அம்மாவின் 38,000 ரூபாயை 62-ஆல் வகுத்தால் 613 டாலர் வருகிறது. இரண்டு தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டி பஸ்ஸில் ஏறி மார்க்கம் ரோடு வரைக்கும் தனியாகப் போய் மீன் வாங்கி வருகிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிறார். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கவரில் வைத்துக் கொடுக்கிறார்.

"பிள்ளை, அது பெரிய காசில்லை. எண்டாலும் என்ர பேருக்கு வாற காசு. என்ன செய்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்க ஏலாது. கையில சொந்தக் காசில்லாட்டி வாய் திறவாது கண்டியளோ" என்றார் பாட்டி ஒருநாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் 'என்னால்' என்று தலைப்புப் போட்டார். தான் வந்ததால் மகனுக்கு ஆகும் செலவுகள். காப்பீடு, கூடுதல் வாடகை, போன், தன் பங்குக்கு வரும் பால், அரிசி, காய். ஒவ்வொன்றையும் 62-ஆல் பெருக்கி எதிரே எழுதினார்.

முப்பது ரூபாய் அட்டை

செப்டம்பரில் வரும்போது மூன்று மாதத்துக்கான பிரஷர் மாத்திரை கொண்டுவந்திருந்தார். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துதான் கொண்டுவரலாம் என்பது கனடாவின் விதி. டிசம்பருக்குப் பிறகு? மகனுடைய நண்பரின் அப்பா அம்மா சென்னையிலிருந்து வருவதாக இருந்தது, அவர்கள் கொண்டுவருவார்கள் என்று ஏற்பாடு. அவர்கள் பயணம் தள்ளிப்போனது. மகன் வேலை மும்முரத்தில் மறந்துபோனார். அம்மா ஞாபகப்படுத்தவில்லை.

ஊர் டாக்டரின் சீட்டு ஒண்டாரியோ மருந்துக் கடையில் செல்லாது. அங்குள்ள டாக்டர் எழுதித்தர வேண்டும். பக்கத்தில் இருந்த கிளினிக்கில், மருத்துவ அட்டை இல்லாதவர்கள் டாக்டரைப் பார்க்க 80 டாலர் என்று எழுதி ஒட்டியிருந்தது. 80-ஐ 62-ஆல் பெருக்கினால் 4,960. பாளையங்கோட்டையில் பத்து மாத்திரை அட்டை முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற மருந்து. அதை எழுதி வாங்குவதற்கு ஐயாயிரமா?

அம்மா தனக்குத் தெரிந்த வழியில் கணக்கை நேர் செய்தார். நவம்பரிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை. ஜனவரி கடைசியில் மூன்று நாளைக்கு ஒன்று.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பொதுத் துவைப்பறையில் மயங்கி விழுந்தார். துவைக்க 3 டாலர், காயவைக்க 3 டாலர். காயவைக்கும் காசை மிச்சம் பிடிக்க ஈரத் துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். துணி துவைக்க வந்த ஒரு பெண்தான் ஆம்புலன்ஸை அழைத்தார். ரத்த அழுத்தம் 200-ஐ நெருங்கியிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். தலையில் அடியில்லை, மூளையில் ரத்தக்கசிவில்லை. பிழைத்தது பெரிய விஷயம்.

பில் வந்தது. மருத்துவமனை, டாக்டர், பரிசோதனைகள், ஆம்புலன்ஸுக்கு மட்டும் 240 டாலர் என எல்லாமாக 2,300. காப்பீடு இருக்கிறதே என்று மகன் விண்ணப்பித்தார். நிறுவனம் பாளையங்கோட்டை டாக்டரின் பழைய சீட்டுகளைக் கேட்டது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு டாக்டர் மாத்திரையின் அளவை 5 மில்லிகிராமிலிருந்து 10-ஆக மாற்றியிருந்தார். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு பொருந்த வேண்டுமானால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 180 நாட்கள் அது 'நிலையாக' இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் பாலிசியில் ஒரு நிபந்தனை இருந்தது. இத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். மாத்திரையின் அளவை மாற்றினாலே நிலையாக இல்லை என்று அர்த்தம். ஆக, பணம் வரவில்லை. மகன் தவணையில் கட்டினார்.

அம்மா அதையும் நோட்டில் எழுதினார். 2,300-ஐ 62-ஆல் பெருக்கி, 1,42,600. எழுதிய கை நடுங்கியிருந்தது, எண்கள் கோட்டைத் தாண்டிப் போயிருந்தன.

'முழுசா எழுதுங்க அத்தை'

நோட்டு மருமகள் கையில் கிடைத்தது. தேடி எடுக்கவில்லை. மாத்திரை அட்டைகள் எங்கே என்று அலமாரியில் பார்த்தபோது நோட்டும் அட்டைகளும் ஒன்றாக இருந்தன. அட்டையின் பின்புறம் சாப்பிட்ட தேதிகளைப் பேனாவால் குறித்திருந்தார் அம்மா. மருமகள் மதுரைக்காரர், கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. தேதிகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நோட்டைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. 'என்னால்' பக்கத்தைக் கூட்டினார். காப்பீடு மாதத்துக்கு 158, கூடுதல் வாடகை 500, சாப்பாடு 250, போன் 25. மொத்தம் 933 டாலர். பிறகு எதிர்ப் பக்கத்தில் 'அத்தையால்' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

இரண்டு வயதுப் பேத்திக்கு டே கேர். அரசுத் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒண்டாரியோவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். மாதம் 22 நாளுக்கு 484. அதுவும் இடம் கிடைத்தால்; காத்திருப்போர் பட்டியலில் பேத்தியின் பெயர் ஒரு வருஷமாக இருக்கிறது. ஆறு வயதுப் பேரனுக்குப் பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள 400. அத்தை வருவதற்கு முன் வாரம் 60 டாலருக்கு வெளியே வாங்கிக்கொண்டிருந்த சாப்பாடு மாதம் 240. கூட்டினால் 1,124.

"என்ன, எனக்குச் சம்பளம் போடுதியா?" என்றார் அம்மா. குரலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு விலை எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல அத்தை. பிள்ளைகளைப் பார்த்துக்கிறதுக்கு விலையே கிடையாது, எனக்குத் தெரியும். நீங்க கணக்குன்னு ஒண்ணு எழுதினா அதை முழுசா எழுதுங்கன்னு சொல்றேன். பாதிக் கணக்கை எழுதிட்டு அதை நம்பி மாத்திரையைக் குறைச்சா எப்படி?"

மகன் அதுவரை பேசவில்லை. "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார்.

"நீ ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிட்டு இருக்க. உன்கிட்ட எப்படிய்யா கேக்க?"

பல வீடுகளில் நடப்பது இதுதான். கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைகள் குறைவு. கேட்டால் கொடுக்கலாம் என்று இருப்பவர்களே அதிகம். ஆனால் கேட்பது என்பது அந்தத் தலைமுறைக்கு எளிதில்லை. பிள்ளையிடம் கேட்பது அதைவிடக் கஷ்டம். பல்வலியை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் ஒரே பக்கத்தில் மெல்லும் அப்பாக்கள், கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டிக்கொள்ளும் அம்மாக்கள் எத்தனையோ பேர். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு உடம்பில் கைவைக்கிறார்கள். அந்தச் செலவு பிறகு வட்டியோடு வருகிறது.

கை மாறிய 300 டாலர்

அந்த இரவு ஒரு தீர்வும் வந்தது. மகன் மாதாமாதம் 300 டாலரை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டை வீட்டின் வரி, கரண்ட் பில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், தென்காசியில் இருக்கும் வயதான அத்தையின் மருந்துச் செலவு. எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய் சொச்சம். அம்மாவின் பென்ஷனோ அதே ஊரில் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பணம் கடல் தாண்டிப் போகிறது, இன்னொரு பணம் கடல் தாண்ட முடியாமல் நிற்கிறது.

"ஊர்ச் செலவை நான் பாத்துக்கிடுதேன். என் வீடு, என் நாத்தனாரு. நீ எதுக்கு இங்கேருந்து அனுப்புத?" என்றார் அம்மா. போன் இருக்கிறது, ஓடிபி வருகிறது. அவரே அனுப்பிவிடலாம்.

அனுப்பாமல் மிச்சமாகும் 300 டாலரை மகன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மாவிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. கார்டு கிடையாது, மணி அடிக்காது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளை வரிவரியாகப் படித்து, மாத்திரையின் இப்போதைய அளவையும் தெளிவாகக் குறிப்பிட்டு வேறு பாலிசி எடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய் 80 டாலர் கொடுத்து மருந்து எழுதி வாங்குவது என்பவையும் பேசி முடிந்தன. மருந்துச் செலவு மாதம் 30 டாலருக்குள் அடங்கியது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

முதல் மாதம் அந்த 300 டாலரில் அம்மா செலவழித்தது 41. ஒரு பஸ் பாஸ் அட்டையில் 20 டாலர் ஏற்றினார். யாழ்ப்பாணப் பாட்டிக்கும் தனக்கும் மாலில் காபி வாங்கினார். பேரனுக்கு ஒரு கார் பொம்மை. அதற்கு 13 சதவீதம் வரி போட்டபோதும் கல்லாவில் பேசாமல் கொடுத்தார். இரண்டாவது மாதம் 120. மூன்றாவது மாதம் மருமகளுக்குப் பிறந்தநாள். கவரில் 50 டாலர் வைத்துக் கொடுத்தார். மகன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

பெருக்கல் முழுசாக நின்றுவிடவில்லை. முருங்கைக்காய் விலையைப் பார்த்தால் இன்னும் உதடு அசையும். ஆனால் வகுத்தலும் கூடவே வர ஆரம்பித்திருக்கிறது. தன் பென்ஷனை டாலராக வகுத்துப் பார்த்துவிட்டு, "அறுநூத்திச் சொச்சம் டாலர் சம்பாதிக்கிற பொம்பளை நான்" என்று பேரனிடம் சொல்கிறார்.

ஐந்து வருஷமும் அங்கேயே இருக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. விசாவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். பனி தொடங்கும்போது ஊருக்குப் போய், பொங்கல் முடித்து, பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்கும் போய்விட்டு, வெயில் ஏறும்போது கனடா திரும்புவது என்று யோசனை. டிக்கெட் காசு போகும். ஆனால் முன்கூட்டியே ஊர் திரும்பினால், இழப்பீடு எதுவும் கேட்காதவர்களுக்கு மீதி நாட்களின் பிரீமியத்தைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. இந்தமுறை அவரே கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

சமீபத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் கரூர்ப் பெண் ஒருத்தி, தன் அப்பா அம்மா ஜூனில் வரப்போவதாகச் சொல்லி, "என்னென்ன ஏற்பாடு பண்ணணும்மா?" என்று கேட்டாள். அம்மா விரல் விட்டு எண்ணினார்.

"டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஊர்லயே பல்லையும் கண்ணையும் காட்டிச் சரி பண்ணிடச் சொல்லு. இங்க வந்து பல்லைத் தொட்டா கட்டுப்படியாகாது. இன்சூரன்ஸ்ல மாத்திரை அளவு எப்ப மாத்துனாங்கன்னு மறைக்காம எழுது. டாக்டர் சீட்டு எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்கோ. ஊர் சிம்மை மட்டும் சாக விட்டுராதே, ரோமிங் போட்டு, ரீசார்ஜ் பண்ணிட்டே இரு. மூணு மாச மாத்திரை தீர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இங்க டாக்டரைப் பாத்துரு, அவங்க ஞாபகப்படுத்த மாட்டாங்க."

அந்தப் பெண் போனில் குறித்துக்கொண்டாள். "அவ்வளவுதானாம்மா?"

"இன்னும் ஒண்ணு. வந்த முதல் மாசமே கையில ரொக்கமா கொடுத்துரு. அவங்க கேக்க மாட்டாங்க. கொடுத்துட்டு, எதுக்குச் செலவழிச்சீங்கன்னு நீயும் கேக்காதே."